வியாழக்கிழமைகளில் அக்கா போன வீடு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வரும் உங்கள் கையில் இந்த மலர் இருக்கும். இதில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் முறை என்று வீட்டில் சொன்னார்கள். அக்காவைப் பற்றி எழுத நல்லது நிறையவே இருக்கிறது. அதை எழுதினால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுதியாக வேண்டும். அது நல்லதல்ல. படித்துவிட்டு இதை ஏன் அச்சில் போட்டான் என்று சிலர் கேட்பீர்கள். அக்கா கேட்டிருக்க மாட்டார்.

அக்கா திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா டவுனில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அதனால் நாங்கள் சிறு வயதிலேயே டவுனுக்கு வந்துவிட்டோம். அக்கா ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அப்பா காலமானார். பயிற்சி முடித்த கையோடு சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, கடைசி வரை அங்கேயே ஐந்தாம் வகுப்பு எடுத்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். நான் இன்று ஒட்டன்சத்திரத்தில் லாரி ஆபீஸ் மேலாளராக உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அது அவர் தினமும் இரண்டு பஸ் ஏறி இறங்கியதால் வந்தது.

அக்காவின் கணவரான மச்சானுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது மெதுவாகச் சீட்டி அடிப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதை ஒரு குறையாக அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசினார்கள்.

திருமணமாகிப் பதினைந்தாம் வருஷம் மச்சானுக்குச் சீட்டி நின்றது. அதை முதலில் கவனித்தது அக்காதான். பிறகு தூக்கம் போனது, சாப்பாடு போனது. பிரித்துப் போட்ட மோட்டார்கள் பட்டறையில் அப்படியே கிடந்தன. கேட்டால், "ஒண்ணும் இல்ல, செத்த நேரம் உக்காந்துக்கிறேன்" என்பார். செத்த நேரம் பகல் முழுதும் நீளும். டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். தலையை ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனோம். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டை எங்கள் அம்மா வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனார்னு ஊரெல்லாம் பேசும். பொறு, சரியாயிரும்" என்றார். அம்மாவும் இப்போது இல்லை. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் மடித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போயிருந்தேன். மச்சான் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ள, நான் இல்லாட்டி உங்க அக்கா நல்லா இருப்பால்ல?"

"என்ன பேச்சு இது. எந்திரிங்க, போய் ஒரு டீ சாப்பிட்டு வருவோம்" என்றேன்.

எழுந்து வந்தார். டீ சாப்பிட்டார். கிளாசைக் கழுவுகிற தொட்டியில் அவரே கொண்டுபோய் வைத்தார். நான் ஒட்டன்சத்திரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து மச்சான் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது நம் உறவுக்காரர்கள் பலருக்கும் தெரியும். போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது. பெரியாஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். மச்சானின் தாயார் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "அப்படி என்னத்தச் சொன்ன எம் பிள்ளைய?" என்று கேட்டார். தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் "மாரடைப்பால்" என்று போட்டிருந்தது. அச்சகத்தில் அப்படிப் போடச் சொன்னவன் நான். பங்குத்தந்தை எந்தத் தடையும் சொல்லாமல் வந்து முறைப்படி அடக்கம் செய்து வைத்தார். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் கல்லறையிலிருந்து திரும்பியபின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் ஆறேழு பேர்தான். மற்றவர்கள் தெருமுனையிலேயே கைகால் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்.

முப்பதாம் நாள் அட்டை அடிக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மாரடைப்புன்னு போடாதப்பு."

"வேற என்னக்கா போடறது? நாலு பேரு படிப்பாங்க."

"ஒண்ணும் போட வேணாம். ஆனா பொய்யி வேணாம். பொய் சொன்னா அவருக்காக அழுகவே முடியல எனக்கு. நெஞ்சுவலியில செத்த யாருக்கோ அழுகிற மாதிரி இருக்கு."

அன்று முதல் யார் கேட்டாலும் அக்கா உள்ளதைச் சொன்னார். கேட்டவர்கள்தான் அடுத்த வார்த்தை தெரியாமல் நின்றார்கள். மாலையில் அவரிடம் டியூஷன் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ஒரு தாய், "எம் மகளுக்குப் பயமா இருக்குதாம் டீச்சர்" என்று நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார். பயம் மகளுக்கில்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

எட்டு மாதம் கழித்து அக்காவின் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் அதே விதமாக இறந்துபோனார். பள்ளியில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். ஒருவரும் போகவில்லை. அக்கா ஒரு தூக்குச் சட்டியில் ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு போனார். நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போய் அந்தத் தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா போனாரு" என்று மட்டும் சொன்னார். அந்தத் தாய் அப்போதுதான் அழ ஆரம்பித்தார். அக்கா மறுபடி உட்கார்ந்துவிட்டார். நான் வாசலில் கிளப்பியிருந்த பைக்கை அணைத்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. பத்து வருஷத்துக்கு மேல் அக்கா இப்படி வீடு வீடாகப் போனார். எத்தனை வீடு என்று எண்ணி வைக்கவில்லை. பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இருந்த ஒரு பெண் மருத்துவரைத் தேடிப் போய், என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "காலம் ஆத்திரும்" என்று சொல்லக் கூடாது. "மத்தவங்களை நெனச்சுப் பாத்திருக்கலாம்ல" என்று சொல்லக் கூடாது. ஏன் செய்தார் என்று துருவக் கூடாது. போன வீட்டில் இன்னொருவருக்கும் அதே எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும், தனியே விடக் கூடாது, கூடவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க்கா, சாகணும்னு தோணுதான்னு ஒருத்தங்கட்ட மொகத்துக்கு நேரா கேப்பியா? இல்லாத நெனப்ப நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆகாதா?"

"நானும் அதத்தான் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். இல்லாதவங்களுக்குக் கேட்டதால வராதாம். இருக்கவங்களுக்கு, அப்பாடா ஒருத்தராச்சும் கேட்டாங்கன்னு இருக்குமாம்." பிறகு, "உங்க மச்சான்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே" என்றார்.

பட்டறையில் மச்சான் என்னிடம் கேட்டதை அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆத்தூர் பக்கத்து ஊர்களில் வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள்ளேயே கைக்கு எட்டுகிற இடத்தில் கிடப்பதைப் பார்த்து, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும்படி அக்கா ஒரு வருஷம் அலைந்தார். ஒரு கெட்ட நேரம் கடந்து போகிற வரைக்கும் கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்வார்கள் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். நாற்பது இரும்புப் பெட்டி செய்து, திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டு, என் ஆபீஸ் வண்டியில்தான் ஏற்றிப்போய் இறக்கினோம். மறு வருஷம் போய்ப் பார்த்தபோது பாதிப் பெட்டியில் வெங்காய விதையும் பட்டுச் சேலையும் இருந்தன. மீதியில் சாவி பூட்டிலேயே தொங்கியது. "அவசரத்துக்கு யாரு டீச்சர் பக்கத்து வீட்டுல போயி கேட்டுக்கிட்டு நிப்பா?" என்றார் ஒருவர். திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். வீட்டருகே இறங்கும்போது, "ரெண்டு வீட்டுல சரியா வெச்சிருக்காங்கப்பு" என்றார்.

சித்தையன்கோட்டை மும்தாஜ் அவர்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவருடைய மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சம்மதம் என்றால், "எழுதுங்க, என்ன ஆகப்போகுது" என்று அந்தப் பெண் போனில் சொன்னதுதான்.

மும்தாஜின் கணவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவரும் மச்சானைப் போலவே போனார். கணவரின் தம்பி குடும்பம் அதே வீட்டின் மறுபாதியில் இருந்தது. நாற்பது நாள் கழிந்ததும் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மும்தாஜும் கல்லூரி போகும் மகள் நஸ்ரினும் இந்தப் பக்கம். அக்கா கேள்விப்பட்டுப் போனபோது மும்தாஜ் மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டார். மும்தாஜ் ஆமாம் என்றார். மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கூடவே வரிசையில் உட்கார்ந்தார். அங்கே மருந்துக்குக் காசு வாங்குவதில்லை என்பதே மும்தாஜுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிலிருந்து நான்கு வருஷம், வியாழக்கிழமை தவறாமல் பள்ளி விட்டதும் சின்னாளப்பட்டியிலிருந்து அக்கா பஸ் ஏறினார். ஒரு முறை நான் அழைத்துவரப் போனபோது மும்தாஜ் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது.

"டீச்சர், நான் வியாழக்கெழம வரைக்கும் இருந்துருவேன். அப்புறம் அடுத்த வியாழன் வந்துரும். அப்படித்தான் ஓட்டுறேன்."

"அது போதும்மா. ஆனா எனக்காக மட்டும் இருக்காத. எனக்கும் வயசாகுது."

வண்டியில் வரும்போது அக்கா கவலையாகப் பேசினார். "ஒருத்தியே பாத்துக்கிட்டா இது நிக்காதுப்பு. நாலு பேரு வேணும்." அந்த நாலு பேருக்காக அவர் அலையாத இடமில்லை. மும்தாஜின் உறவுக்காரப் பெண்களிடம் பேசினார். பக்கத்துப் பள்ளி ஆசிரியைகளிடம் பேசினார். நம் மாதா சபைப் பெண்களிடமும் பேசினார். எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள். ஒருவரும் பஸ் ஏறவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது என்பதை மதுரையில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அக்கா அழவில்லை. அன்று என்ன கிழமை என்று கேட்டார். புதன் என்றேன்.

"நாளைக்கு நீ போயிட்டு வா."

"எங்க?"

"மும்தாஜ் வீட்டுக்கு. பேசத் தெரியலன்னா பேசாத. சும்மா போயி உக்காரு. மாத்திரை தீந்துருச்சான்னு கேளு. மொகம் சரியில்லன்னா நேராக் கேட்டுரு, பயப்படாத."

போனேன். ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். மும்தாஜ் அக்காவைப் பற்றிக் கேட்டுவிட்டு அழுதார். டீ கொடுத்தார். மாத்திரை இருக்கிறதா என்றேன். இருக்குண்ணே என்றார். அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம் ஓணத்துக்குக் காய் ஏற்றும் நேரம், கேரளாவுக்கு இரட்டை மடங்கு லோடு. போன் செய்தேன். "நல்லா இருக்கேண்ணே, நீங்க வேலையப் பாருங்க" என்றார். அதற்கடுத்த வாரம் போனும் செய்யவில்லை. ஓணம் முடிந்தது. அதன் பிறகும் போகவில்லை. லோடு குறைந்துவிட்டது, நேரம் இருந்தது. எனக்கு அந்த வீட்டில் போய் உட்காரப் பிடிக்கவில்லை. அதுதான் காரணம்.

அக்காவிடம் போய்வருவதாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை நஸ்ரின் போன் செய்தாள். "மாமா, உம்மா போயிட்டாங்க" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அப்போது அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். கஞ்சித் தண்ணீர்தான் இறங்கியது. சொன்னால் அன்றைக்கே உயிர் போய்விடும் என்று பயந்தேன். அது பாதி உண்மை. மீதி, நான் போகாதது தெரிந்துவிடும் என்ற பயம். வியாழக்கிழமை வந்தது.

"போனியா?"

"போனேன்க்கா."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னாங்க."

"சாப்பிடுறாளா?"

"ம்."

அடுத்த வியாழன் நஸ்ரினுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னேன். அக்காவின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "வரன் பாக்குறாளா? அப்ப அவ கரையேறிட்டாப்பு. இனிமே பயமில்ல" என்றார். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. என் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்படி நான்கு வியாழன்கள் பொய் சொன்னேன். ஐந்தாவது வாரம் புதன்கிழமை, பங்குத்தந்தையிடம் கடைசி எண்ணெயாகிய அவஸ்தைப் பூசுதல் பெற்று, அக்கா கண் மூடினார்.

அந்தப் பெண் மருத்துவரிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு சாவுக்கு ஒரு காரணம் மட்டும் இருக்காது. நீங்க போயிருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அக்காவும் இதையேதான் எல்லா வீட்டிலும் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கேட்ட வீட்டார் தலையாட்டினார்களே தவிர, அது அவர்களுக்குள் இறங்கியதா என்று நான் யோசித்ததில்லை. எனக்குள் இறங்கவில்லை.

நஸ்ரின் இப்போது டவுனில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். கல்லூரியை நிறுத்திவிட்டாள். அக்காவின் முப்பதாம் நாள் கழிந்து நான் அங்கே போனேன். பெரியம்மா நாற்காலி போட்டார். நஸ்ரின் எதிரே வந்து நின்றாள், மெலிந்து போயிருந்தாள். அக்கா சொல்லிக்கொடுத்ததை இந்த ஒரு முறையாவது செய்துவிட வேண்டும் என்று கேட்டேன்.

"உனக்கும் அந்த மாதிரி எதுவும் தோணுதாம்மா?"

நஸ்ரின் திருப்பிக் கேட்டாள்.

"இத எங்க உம்மாகிட்ட ஏன் மாமா நீங்க கேக்கல?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதைப் போலத்தான் இருந்தது. அவள் உள்ளே போனாள். அவளைத் தனியே விட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் வேணாம் தம்பி. கல்யாணம் ஆக வேண்டிய புள்ள" என்றார். எங்கள் அம்மா சீட்டை மடித்தபோது சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மூன்று முறை போனேன். மூன்று முறையும் இதே பதில். நான்காவது முறை கதவு திறக்கவில்லை. போனை எப்போதாவது நஸ்ரின் எடுக்கிறாள். "இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

இந்த ஓராண்டில் நான் செய்தது இவ்வளவுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவைக் கடைசி மாதங்களில் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, உடை மாற்றிய செவிலியச் சகோதரிக்கு நன்றி. நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த பங்குத்தந்தைக்கு நன்றி. பள்ளியில் அக்காவின் வகுப்பையும் சேர்த்து எடுத்து, அவர் விடுப்புக்கு முகம் சுளிக்காத ஆசிரியைகளுக்கு நன்றி. பத்து வருஷம் அக்காவின் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்ன அந்த மருத்துவருக்கு நன்றி. இந்த மலரைப் பெறும் உங்கள் வீட்டில் யாருக்காவது தூக்கமும் சாப்பாடும் போயிருந்தால், யாராவது தான் இல்லாமல் போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றாதீர்கள். இதை எழுத எனக்கு எந்த அருகதையும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அக்காவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கச் சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பேர் தனித்தனியாக நின்றார்கள். ஒருவரையொருவர் அவர்களுக்குத் தெரியவில்லை. பூ போட முன்னால் வரவும் இல்லை. அக்கா போய் உட்கார்ந்த வீட்டார் என்பது பார்த்தவுடனே புரிந்தது. எல்லாம் முடிந்து நான் அவர்கள் பக்கமாகத்தான் நடந்து வந்தேன். ஒரு வயதான மனிதர் என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கும்பிட்டுவிட்டுத் தாண்டி வந்துவிட்டேன். பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டிருந்தால் பிறகு நான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை.

அன்புத் தம்பி
திண்டுக்கல்